ஹாரன் அக்காவின் பாதிப் பதவி

அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று எங்கள் டிப்போவில் இன்னும் சண்டை தீரவில்லை. மெக்கானிக், தான்தான் என்கிறார். நான், நான்தான் என்கிறேன். பெயர் வந்த காரணத்தில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒருநாள் ஆற்றுப்பாலத்து இறக்கத்தில் அக்கா ஓட்டிய பஸ்ஸின் ஹாரன் மக்கர் செய்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓரம் போங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். முன்னால் போன லாரி, அதற்கு முன்னால் போன சைக்கிள்காரர், பாலத்தடியில் தன் பாட்டுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், எல்லோரும் ஓரம் போனார்கள். அன்றிலிருந்து ஹாரன் அக்கா.

நான் அந்த டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்ப்பது என் வேலை. அக்கா நகரசபைத் தலைவர் ஆனதும், பாதியில் அந்தப் பதவியை விட்டதும், அதற்கு நடுவில் அவருடைய நாத்தனாரே அவர்மேல் வழக்குப் போட்டதும் ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் ஊர் சொல்வதில் காரம் கொஞ்சம் கூட. எனக்கு அக்காவே டீ குடிக்கும் நேரங்களில் சொன்னதால், நடந்தது நடந்தபடி சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே எங்கள் பஸ்கள் வந்து திரும்பும் இடம் அப்போது வெறும் சாலையோரம். நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது, கழிப்பறை கிடையாது. ஆண் டிரைவர்கள் ரயில்வே மதில் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவார்கள். பெண் டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் யோசித்ததே இல்லை. நானும்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டிரைவர், "அக்கா, இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். "தண்ணி குடிக்காம" என்று சொல்லிச் சிரித்தார் அக்கா. சில மாதங்களில் அந்தப் பெண் சிறுநீரகக் கோளாறு வந்து லீவில் போனபோது அவர் சிரிக்கவில்லை. நகரசபைக்கு மனு கொடுத்தார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தார். மறுபடி பரிசீலிக்கப்படும் என்று வந்தது. இந்தப் பரிசீலனைக்கே தலை நரைத்துவிடும் என்று தோன்றியதும், குடைச் சின்னத்தில் நின்ற சின்னக் கட்சியில் சேர்ந்து தன் வார்டில் தேர்தலில் நின்றார். பயணிகளே அவருக்குப் பிரசாரம் செய்தார்கள். பிரேக் போடுவதற்கு முன்னால் கண்ணாடியில் நிற்கிறவர்களைப் பார்க்கிற டிரைவர் அவர் ஒருவர்தான் என்று பேர் இருந்தது.

எங்கள் ஊர் நகரசபை அதுவரை ஒரே கட்சியின் கையில் இருந்தது. அதைப் பழைய கட்சி என்றுதான் எல்லோரும் சொல்வோம். கெட்டவர்கள் இல்லை. கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தேர்தலில் அவர்களுக்கு முதல் முறையாகப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அக்காவின் குடைக் கட்சிக்கும், சாவிச் சின்னத்தில் நின்ற இன்னொரு சின்னக் கட்சிக்கும் சமமான இடங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆளலாம். ஆனால் அந்த இரண்டு கட்சிக்கும் அதுவரை ஏழாம் பொருத்தம். பஸ் கட்டணம் முதல் பூங்காவில் நாயை விடலாமா என்பது வரை ஒருவர் ஆம் என்றால் மற்றவர் இல்லை என்பார்.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி கண்டார்கள். பதவிக்காலத்தில் முதல் பாதி ஒரு கட்சிக்கு, பின் பாதி மற்றதுக்கு. யாருக்கு முதல் பாதி என்பதில் இழுபறி வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, சாவிக் கட்சியை நடத்திய மருந்துக்கடைக்காரர், "நீங்களே முதல்ல இருங்க" என்று சொல்லிவிட்டார். பெரிய மனசு என்று அன்று பத்திரிகையில் போட்டார்கள். உண்மைக் காரணம், அவருடைய மகள் மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு வருவதற்கு இன்னும் காலம் இருந்தது. அதுவரை கடையைப் பார்க்க ஆளில்லை.

குடைக் கட்சியில் தலைவர் பதவிக்கு இரண்டு பெரும்புள்ளிகள் ஆசைப்பட்டார்கள். ஒருவரை ஒருவர் விடவில்லை. "அவன் வர்றதுக்கு அந்த டிரைவரம்மாவே வந்துட்டுப் போகட்டும்" என்று இருவருமே தனித்தனியாகச் சொன்னார்கள். அப்படித்தான் அக்கா தலைவர் ஆனார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். "எனக்காக யாரும் சண்டை போடல தம்பி. ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல இருந்த காலி சீட்டுல நான் உட்கார்ந்தேன்."

முதல் நாள் அவருடைய அறைக்கு நகரசபைச் செயலாளர் வந்தார். அவர் அரசாங்க ஊழியர். எந்தக் கட்சி வந்தாலும் மாறாதவர். குரலை உயர்த்தாமல் பேசுகிற பெண்மணி.

"தலைவரா நான் தனியா என்னெல்லாம் முடிவெடுக்கலாம்?" என்று ஆசையாகக் கேட்டார் அக்கா.

"கூட்டம் எப்ப ஆரம்பிக்கணும்னு முடிவெடுக்கலாம்."

"அப்புறம்?"

"எப்ப முடிக்கணும்னும் முடிவெடுக்கலாம். உறுப்பினர்கள் ஒத்துக்கிட்டா."

மற்றதெல்லாம் சபை ஓட்டுப் போட வேண்டும். கணக்கைத் தணிக்கைக்காரர் பார்ப்பார். வேலைக்கு ஆள் எடுப்பது தனி ஆணையம். எதுவும் சட்டத்துக்கு ஒத்து வரவில்லை என்றால் கோர்ட். அன்று சாயங்காலம் டிப்போவுக்கு வந்தபோது அக்கா சொன்னது நினைவிருக்கிறது: "வண்டியில ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் என் கையும் காலும்தான். அங்க ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சிருக்காங்க. மணியடிக்கிற கயிறு மட்டும் ஊர் பூரா தொங்குது."

வாராவாரம் மருந்துக்கடைக்காரருடன் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது உடன்பாடு. அவர் துணைத்தலைவர். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வருவார். எந்தத் தீர்மானத்தைக் கொடுத்தாலும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படிப்பதுபோல முதல் எழுத்திலிருந்து படிப்பார். அக்காவுக்குப் பொறுமை போய்விடும்.

"படிச்சு முடிச்சிட்டீங்களா?"

"பக்கவிளைவு எங்க எழுதியிருக்குன்னு பார்க்கிறேன்."

"இது நூலகத்துக்கு வெள்ளையடிக்கிற தீர்மானம் சார்!"

"அதுக்கும் இருக்கும். புத்தகத்தையெல்லாம் எங்க கொண்டுபோய் வெப்பீங்க?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. அப்படிச் சில. வேறு சில நேரங்களில் அவர் தேவையில்லாமல் இழுத்தடித்ததும் உண்டு. பூங்கா நாய் விஷயம் கடைசிவரை முடிவுக்கு வரவே இல்லை.

அக்காவுக்கு மனசெல்லாம் பஸ் நிலையத்தில்தான் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நகரசபைக்குச் சொந்தமான ஒரு காலி இடம் இருந்தது. வெள்ளை மைதானம் என்பார்கள். அதை ஒட்டிய தெருவில் சலவைக்கடைகள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளையும் விடுதித் துண்டுகளையும் வெளுத்து அந்த மைதானத்தில் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். துணி எடுத்த பிறகு சாயங்காலம் பெண்பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அந்தச் சலவைக்கடைகளில் ஒன்று அக்காவின் நாத்தனாருடையது. கணவரின் ஒரே தங்கை. அண்ணி, நாத்தனார் என்றால் எலியும் பூனையும் என்று நினைக்க வேண்டாம். இருவரும் அன்றுவரை நகமும் சதையுமாக இருந்தவர்கள். அக்காவின் யூனிஃபார்ம் சட்டை கத்தி மடிப்போடு இருப்பதற்கு நாத்தனாரின் இஸ்திரிப் பெட்டிதான் காரணம்.

மைதானம் முழுவதையும் எடுத்துப் பஸ் நிலையம் கட்டுவதாகத் திட்டம். சட்டப்படி பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் அறிவிப்பு ஒட்டி, கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்.

"கூட்டத்தை வெச்சிடலாமே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வெச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என் பாதி முடிஞ்சிடும். நீங்க போய்த் திறந்து வெப்பீங்க" என்றார் அக்கா.

அவர் பேனாவை மூடினார். அறிவிப்பை நகரசபைக் கட்டடத்துக்குள், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பலகையில் ஒட்டினார்கள். "அது பொதுமக்கள் பார்க்கும் இடம்தானே?" என்று அக்கா கேட்டதற்குச் செயலாளர், "பார்த்தாங்கன்னா அப்படித்தான்" என்றார். யாரும் பார்க்கவில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதி, சபையில் தீர்மானம் நிறைவேறியது. அக்கா அன்று டிப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

அடுத்து நடந்தது, மைதானத்தில் அளவெடுக்க ஆட்கள் வந்து கொடிக்கம்பங்களைப் பிடுங்கச் சொன்னது. அதற்கடுத்து, கோர்ட் ஊழியர் ஒருவர் தலைவர் அறைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது. வேலைக்கு இடைக்காலத் தடை. மனுதாரர்கள் வரிசையில் முதல் பெயர், நாத்தனார்.

அக்கா வீட்டுக்குப் போனபோது கணவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர்.

"உங்க தங்கச்சி பண்ணின காரியம் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"வக்கீல்கிட்ட போகும்போது என் வண்டியிலதான் போனா."

அக்கா போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். கணவர் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தார். "நீ பஸ் ஸ்டாண்டு வேணும்னு சொன்னப்பவும் உன்கூட வந்து வீடுவீடா நோட்டீஸ் கொடுத்தேன். அவ மைதானம் வேணும்னு சொன்னா, அவளையும் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டு நான். கதவைத் திறந்தாலும் செவுருதான் தெரியுது. என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

மறுநாள் மத்தியானம் அக்கா நேராகச் சலவைக்கடைக்குப் போனார். நாத்தனார் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி நின்றாள். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. பழக்கதோஷத்தில் அக்கா அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். விரிப்பை மடித்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"என்மேலேயே கேஸ் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"உங்கமேல எங்க போட்டேன் அண்ணி? தலைவர்மேல போட்டேன்."

"தலைவர் யாரு?"

"இப்ப நீங்க. அப்புறம் வேற யாரோ. வர்றவங்க எல்லாம் மாடிப்படிக்கு அடியில ஒட்டிட்டு, உங்க கம்பத்தைப் பிடுங்குங்கன்னா, நாங்க யார் யாரையெல்லாம் சொந்தக்காரங்களா ஆக்கிக்கிறது?"

அக்கா விரிப்பின் மூலையை வெடுக்கென்று இழுத்தார்.

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

விரிப்பு மடித்து முடிந்தது. அக்கா அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். தலைவரான பிறகும் விடாமல் போட்ட யூனிஃபார்ம் சட்டையை மறுவாரம் முழுக்கத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். கழுத்துப்பட்டை ஒருபக்கம் எகிறிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் கட்சியின் பெரும்புள்ளிகளில் ஒருவர் அக்காவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "இதுக்கெல்லாம் எதுக்கு கோர்ட்டு கோர்ட்டுனு அலையணும்? அந்தத் தெருவுல சுகாதார அதிகாரியை ஒரு ரவுண்டு போகச் சொல்லுங்க. சோப்புத் தண்ணி எங்க போகுது, லைசென்ஸ் எப்ப முடியுதுன்னு சும்மா கேட்கட்டும். கேட்டாலே போதும். கேஸை அவங்களே வாபஸ் வாங்கிடுவாங்க."

சாத்திய கதவு ஒன்றும் உதவவில்லை. "என் நாத்தனார் கடையில போய் மிரட்டச் சொல்றீங்களா? வெளியில போங்க!" என்ற குரல் கீழே வரி கட்ட வந்தவர்கள் வரைக்கும் கேட்டது. பிறகு அக்கா என்னிடம் சொன்னார், அந்த ஆள்மேல் வந்த கோபம் பாதிதானாம். "அவர் சொன்னப்ப ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அட, முடியுமேன்னு தோணிச்சு தம்பி. அதுக்குத்தான் அவ்வளவு சத்தம்."

கோர்ட்டில் விசாரணை வந்தது. நகரசபையில் அக்கா உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இங்கே நீதிபதி வந்ததும் அக்கா எழுந்து நின்றார். நீதிபதி அக்காவைவிட வயதில் சின்னவர். அன்று கடுமையான ஜலதோஷம் வேறு. கைக்குட்டையும் கையுமாக, இருதரப்பு வக்கீல்கள் பேசியதையும் கேட்டார். பஸ் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தன் வேலை இல்லை, அதை முடிவு செய்யச் சபை இருக்கிறது, ஆனால் சபை சட்டப்படி ஊரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுத் தும்மினார். அவ்வளவுதான் தீர்ப்பு. வெளியே வந்தபோது அக்காவுக்குத் தோற்ற மாதிரியும் இருந்தது, யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். அறிவிப்பைத் தெருத்தெருவாகவும் எங்கள் பஸ்களுக்குள்ளேயும் ஒட்டினார்கள். சலவைக்காரர்கள் வந்தார்கள். பந்து விளையாடும் பெண்பிள்ளைகள் சேற்று ஷூவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மைதானத்து வெயிலும் காற்றும் இல்லாமல் துணி காயாது, மெஷின் வைக்க யாராலும் முடியாது என்று நாத்தனார் சொன்னாள். நன்றாகப் பேசினாள். அவள் அண்ணன் கடைசி வரிசையில் கைதட்டலாமா என்று யோசித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த இளம் பெண் டிரைவர் எழுந்தாள், சிறுநீரகக் கோளாறு வந்து லீவில் போனவள். "நாங்க வேலைக்கு வர்ற அன்னைக்குத் தண்ணி குடிக்கிறதில்ல" என்று ஆரம்பித்தாள். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று நடுவில் நின்றாள். சொல்லி முடித்தாள்.

நாத்தனார்தான் முதலில் பேசினாள். "இது எனக்குத் தெரியாது அண்ணி. பஸ் ஸ்டாண்டுன்னா கடைங்க, விளக்கு, பெரிய போர்டுனு நினைச்சேன். இதைச் சொல்லவே இல்லையே நீங்க."

"வெட்கமா இருந்துச்சு" என்றார் அக்கா. ஒலிபெருக்கி முன்னால் இருந்ததை மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரிப் போனது. ஒரே நாளில் முடிவு வந்துவிடவில்லை. மூன்று முறை கூடி, வரைபடத்தைக் கிழித்து, மறுபடி வரைந்து, ஒரு மதில் விஷயத்தில் சலவைத் தெருவுக்குள்ளேயே இரண்டு அணியாகிச் சண்டை போட்டு, கடைசியில் பஸ் நிலையம் சாலையோரப் பட்டையில் மட்டும் என்று ஆனது. ஓய்வறையும் கழிப்பறைகளும் உண்டு. கடைகள் இல்லை. மைதானம் மைதானமாகவே இருக்கும். பஸ்கள் பின்பக்கச் சாலை வழியாக உள்ளே வரும். அந்தப் பின்பக்க யோசனை மருந்துக்கடைக்காரருடையது. அக்காவின் முதல் திட்டத்தைவிட இது நல்ல திட்டம். அக்காவே ஒத்துக்கொள்வார், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு. நாத்தனார் மறுபடி யூனிஃபார்ம் சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். அக்கா போட்ட இஸ்திரியைப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டா கோர்ட்டுக்கு வந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் இதற்குள் காலம் ஓடிவிட்டது. அஸ்திவாரம் தோண்டும்போதே அக்காவின் பாதி முடியும் தறுவாயில் இருந்தது.

கட்சிக்குள் பேச்சு ஆரம்பித்தது. எதற்கு இறங்க வேண்டும்? சட்டத்தில் பாதி, முக்கால் என்று எதுவும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முழுக் காலத்துக்கும் தலைவர். அக்கா செயலாளரிடம் கேட்டார். அவரும் அதையே சொன்னார். "உங்களை யாரும் இறக்க முடியாது. நீங்களா இறங்கினாத்தான் உண்டு." போன தடவை சண்டை போட்டுக்கொண்ட பெரும்புள்ளிகள் இருவரும் இப்போது ஒன்றாக வந்து, பஸ் நிலையத்தைத் திறந்துவிட்டாவது விடலாம் என்றார்கள்.

அது அக்காவின் மனசில் ஏற்கெனவே இருந்த ஆசைதான். மனு மனுவாகக் கொடுத்தது அவர். கோர்ட்டுக்கு நடந்தது அவர். ரிப்பனை வெட்டப்போவது, பக்கவிளைவு தேடுகிற மனிதரா?

மருந்துக்கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாராந்திரக் கூட்டத்துக்கு வழக்கம்போல வந்தார், படித்தார், போனார். அவருடைய மகள் படிப்பை முடித்துக் கடையில் உட்கார்ந்துவிட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு அந்த மௌனம்தான் எரிச்சலைக் கிளப்பியது. ஒருநாள் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கும் சாக்கில் அவர் கடைக்கே போய் வரிசையில் நின்றார். தைலத்தைக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்காதீங்க, இது பூசறது" என்றார் அவர். அவருக்கு வரும் ஒரே நகைச்சுவை அது.

"சார், நீங்க ஏன் அதைப் பத்திக் கேட்கவே மாட்டேங்கிறீங்க?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "நான் கேட்டு நீங்க கொடுத்தா, அது நீங்க எனக்குப் போட்ட பிச்சை ஆயிடும். அது ஏற்கெனவே பேசினது. பேசினதை மறுபடி எதுக்குக் கேட்கிறது?"

"நான் இறங்கலைன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கோபம் வரும். ரொம்ப வரும். அப்புறம் எதிர்ல உட்கார்ந்து, நீங்க கொண்டு வர்ற ஒவ்வொரு தீர்மானத்தையும் முதல் எழுத்திலிருந்து படிப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்போ என்று வழியெல்லாம் தோன்றியது. வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர், "நீ அவர் சொல்றதை நம்பித்தானே முதல் பாதியை எடுத்துக்கிட்டே?" என்றார். "அவரும் உன்னை நம்பித்தானே கொடுத்தாரு?" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

அடுத்த சபைக் கூட்டத்தில் அக்கா எழுந்து, ராஜினாமா செய்வதாகச் சொன்னார். புதுத் தலைவருக்கான ஓட்டெடுப்பில் குடைக் கட்சிப் பெரும்புள்ளிகள் இருவரும் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். கணக்கு இடித்தது. மருந்துக்கடைக்காரர் பெயரைச் சொன்னதும் ஆதரவாகத் தூக்கிய கைகளில் ஒன்று குறைந்தது. அக்கா தூக்கிய கையை இறக்காமல், சபை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். அப்போது பழைய கட்சியின் மூத்த உறுப்பினர் ஒரு அம்மா, மெதுவாகத் தன் கையைத் தூக்கினார். அவர் கட்சிக்காரர்கள் திகைத்துத் திரும்பினார்கள்.

"என்னை என்ன அப்படிப் பார்க்கிறீங்க?" என்றார் அந்த அம்மா. "நமக்கும் இனிமே தனியா வர்ற காலம் இல்ல. நாளைக்கு நாமளும் யார்கூடவோ இப்படிப் பேசித்தான் ஆகணும். பேசினா நடக்கும்னு இருந்தாத்தானே நம்மகூடவும் யாராவது பேசுவாங்க?"

மருந்துக்கடைக்காரர் தலைவர் ஆனார். அக்கா தன் பையில் தைலத்தையும் வாட்டர் பாட்டிலையும் போட்டுக்கொண்டு அறையைக் காலி செய்தார். அன்று பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார். டிக்கெட் எடுத்தாரா என்று கேட்டேன். எடுத்தாராம்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி வண்டி ஓட்ட வந்தார், காலையில் மட்டும். மத்தியானம் உறுப்பினர் வேலை. செலவுகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து புதுத் தலைவரைக் கேள்வி கேட்பது அவருடைய வேலை ஆனது. தலைவராக இருந்தபோது எரிச்சலாக இருந்த ஒவ்வொரு விதியும் இப்போது அவருக்கு வெல்லமாக இனித்தது. "பஸ் நிலையத்துத் தரைக்கு வழவழப்புக் கல்லு போடப்போறீங்களாமே. மழையில எல்லாரும் சறுக்கிவிழ ஏற்பாடா?" என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினார். கல்லை மாற்றினார்கள். "நீங்க தலைவரா இருந்தப்பவே எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்று அவர் வெளியே வந்து சொன்னார். எங்கள் ஊரில் அறிவிப்புகளைப் பஸ்ஸுக்குள்ளும் ஒட்டியாக வேண்டும் என்று விதி வந்ததும் அவர் காலத்தில்தான்.

திறப்பு விழாவில் ரிப்பனை அக்காவே வெட்டட்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு அன்று காலை டியூட்டி. மாற்றித் தருகிறேன் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். மனசில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். விழா முடிந்து மேடையைப் பிரிக்கும்போதுதான் அவர் வண்டி உள்ளே வந்தது. இறங்கியவர் நேராக ஓய்வறைக்குப் போனார். அந்த இளம் பெண் டிரைவர் அங்கே கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பெரிய தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். வருத்தம் அங்கேயே போய்விட்டது என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

அடுத்த தேர்தலில் பழைய கட்சி வேறொரு சின்னக் கட்சியோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தது. அன்று கை தூக்கிய அந்த அம்மாதான் இப்போது தலைவர். அக்கா தன் வார்டில் ஜெயித்தார், முன்னைவிடக் கம்மி ஓட்டில். மருந்துக்கடைக்காரரும் ஜெயித்தார். இருவருக்கும் எதிர்வரிசையில் அடுத்தடுத்த நாற்காலி. பூங்கா நாய் விஷயத்தில் இன்னும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மற்ற விஷயங்களில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அவர் நிதானமாக உட்கார்ந்து கேள்வியை எழுதுவார். அக்கா எழுந்து கேட்பார்.

போன வாரம் நான் வேறு வேலையாகப் போனவன், பார்வையாளர் வரிசையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். மேட்டுத் தெருவில் மூடியில்லாத சாக்கடை பற்றிய கேள்வி. தலைவர் அம்மா நீட்டி முழக்கிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆட்சியில் என்ன நடந்தது, அதற்கும் முந்தைய ஆட்சியில் என்ன நடந்தது என்று போனது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று ஒருவர் லீவு என்பதால் மத்தியானமும் அவர்தான் ஓட்ட வேண்டும்.

"தலைவரம்மா, முந்தின ஆட்சி நாங்கதான். எங்களுக்குத் தெரியும்" என்றார். "மூடி எப்ப போடுவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு வண்டி எடுக்கணும்."

சபையே சிரித்தது. தலைவர் அம்மாவும் சிரித்தார். "வர்ற மாசத்துக்குள்ள போட்டுடறோம், போங்க" என்றார்.

"குறிச்சுக்கோங்க சார்" என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். நான் போய்க் குறிக்காமல் அந்த வண்டியை எடுக்க முடியாது.